கொம்பன் பார்த்த பக்கம்

நவம்பர் மாதம், வியாழக்கிழமை, காலை ஏழேகால். சூரியன் அப்போதுதான் எழும்பியிருந்தது.

ஸ்காபரோவில் ஒரு பேக்கரியின் பின்புறத் தரிப்பிடம். பிரதீபா காருக்குள் இருந்து மட்டன் ரோல்ஸ் சாப்பிட்டாள். பக்கத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி றெமிஜியஸ். நெடுங்காலம் டாக்சி ஓட்டியவர். இப்போது அவளுடைய உதவியாளர். துப்பறிவது அவள் வேலை. ஓட்டுவதும் கதைப்பதும் அவர் வேலை.

“கேஸ் என்னெண்டு திருப்பிச் சொல்லுங்கோ தங்கச்சி. நேற்று ஃபோனில கேட்டனான். நம்பேல்லை.”

“மான் வரேல்லையாம்.”

“ஆரின்ர மான்?”

“ஒருத்தற்ற மானும் இல்லை. காட்டு மான். வேட்டைக்குப் போனவைக்கு முன்னால வரேல்லை. ஏனெண்டு நாங்கள் சொல்ல வேணும்.”

“நல்ல மான்,” என்றார் றெமிஜியஸ். “கேஸ் முடிஞ்சுது. வீட்டை போவம்.”

ஒரு பிக்கப் வந்து பக்கத்தில் நின்றது. இறங்கியவருக்கு அறுபது வயது இருக்கும். நவரட்ணம். வீடுகளுக்குக் கூரை போடும் கம்பனி வைத்திருப்பவர். பின்கதவைத் திறந்து ஏறினார். மடியில் ஒரு காட்போட் பெட்டி.

“இது என்ர மகள் அட்சயாவின்ர கலியாணக் கார்ட்,” என்றார். “வாற மாதம் கலியாணம். ஒரு வீட்டுக்கும் குடுக்கேல்லை.”

“ஏன் அங்கிள்?”

“மாப்பிள்ளை ஜனார்த்தன் என்னை ஏமாத்திறான். மானை விரட்டுறது அவன்தான்.”

றெமிஜியஸ் கண்ணாடியில் அவரைப் பார்த்தார். சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார்.

நவரட்ணம் விளக்கினார். வடக்கே அவருக்கு ஒரு காணி இருக்கிறது. ஒவ்வொரு நவம்பரும் மூன்று சிநேகிதர்களுடன் மான் வேட்டைக்குத் துவக்கு கொண்டு போவார். ஏன் நவம்பர் என்று பிரதீபா கேட்டாள். அந்தக் கேள்விக்காகவே பிறந்தவர்போல அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“கோடையில கொம்பன்மார், ஆண் மான் எல்லாரும், கூட்டாளியள் பிள்ளை. ஒண்டா நிண்டு மேயுங்கள். செப்ரெம்பரில பிரிஞ்சு போகும். இருட்டினாப் பிறகுதான் வெளிய வரும். ஒக்ரோபரில மண்ணைக் காலால கிளறி, கிளையில முகத்தைத் தேய்ச்சு, நான் இஞ்ச இருக்கிறன் எண்டு விலாசம் வைக்கும். நவம்பரில ஒரு கிழமை அதுக்குப் பைத்தியம். பட்டப்பகல்ல பெட்டை மானைத் தேடி ஓடும். சாப்பாடில்லை. நித்திரையில்லை. புத்தியுமில்லை.”

“எங்கட ஆக்கள் யூனிவேர்சிற்றிக்குப் போன புதுசு மாதிரி,” என்றார் றெமிஜியஸ்.

“அந்தக் கிழமைதான் நாங்கள் போறது. அந்தக் கிழமையும் கொம்பன் வரேல்லை எண்டால் ஆரோ விரட்டுறான். ஒக்ரோபர் முழுக்க நான் மரத்தில கட்டின கமராவில நிக்குது. நாங்கள் பரணில ஏறினால் காணேல்லை.”

“ஜனார்த்தன் எண்டு எப்பிடித் தெரியும்?”

“இந்த வருசம் வந்தவன். ஒண்டும் கிடைக்கேல்லை. போன வருசம் வேலையெண்டு வரேல்லை. ரெண்டு கொம்பன் கிடைச்சது. அதுக்கு முதல் வருசம் வந்தவன். ஒண்டும் இல்லை. இதைவிட என்ன வேணும்?”

“அதுக்கும் முதல் வருசம்? அவரை நீங்கள் காண முதல்?”

நவரட்ணம் பெட்டியின் மூலையை நகத்தால் சுரண்டினார்.

“அப்பவும் இல்லைத்தான். அது மழை.”

“அதுக்கும் முதல்?”

“கிடைச்சது.” அவர் குரல் இறங்கியது. “பிள்ளை, மானில எனக்கு ஒண்டும் இல்லை. பெடியனுக்கு வேட்டையில விருப்பமில்லையெண்டால் முகத்துக்கு நேர சொல்லியிருக்கலாம். பக்கத்தில இருந்து சாப்பிட்டுக்கொண்டு ஏமாத்திறவனுக்கு என்ர பிள்ளையைக் குடுக்க மாட்டன். ஞாயிற்றுக்கிழமைக்குள்ள சொல்லுங்கோ. அவன்தானெண்டால் இந்தப் பெட்டி குப்பைக்குப் போகுது.”

“அட்சயாவுக்குத் தெரியுமோ?”

“ஒருத்தருக்கும் தெரியாது.”

*

ஸ்ரௌவ்வில்லின் புது வீடுகள் முடிந்த இடத்திலிருந்து சோளத் தண்டுகள் தொடங்கின. அங்கிருந்தும் ஒரு மணிநேரம். காணியின் வாசலில் நவரட்ணம் மூன்று செம்மஞ்சள் மேலங்கிகள் எடுத்தார். மான்பருவத்தில் அது இல்லாமல் காட்டுக்குள் நடக்கக் கூடாது.

“ஆறு மைலுக்கு அங்கால நிண்டே என்னைத் தெரியும்,” என்றார் றெமிஜியஸ். “மானுக்குத் தெரியாதோ?”

“மானுக்கு இந்த நிறம் பிடிபடாது. அசையாமல் நிண்டால் நீ அதுக்கு ஒரு மரக்கட்டை.”

“என்ர மனிசியும் அப்பிடித்தான் சொல்லுறவ.”

காட்டுக்குள் ஒற்றையடிப் பாதை. மனிதர் போட்டது அல்ல. ஒரு தேவதாரு மரத்தின் பட்டை முழங்கால் உயரத்தில் உரிந்து கிடந்தது. கொம்பு தேய்த்த இடம். கொஞ்சம் தள்ளி, தாழ்ந்த கிளையின் கீழ் மண் கிளறப்பட்டிருந்தது. ஈரம் காயவில்லை.

“நேற்று நாங்கள் போனாப் பிறகு வந்திருக்கு,” என்றார் நவரட்ணம். அவமானப்பட்டவர்போலச் சொன்னார்.

அவருடைய பரண் ஒரு மேப்பிள் மரத்தில் இருந்தது. ஜனார்த்தன் இருந்தது எதிர்ப்பக்கம், ஓடையருகே, ஒரு விழுந்த மரத்தின் பின்னால். அவனுக்குத் துவக்கு இல்லை. பார்க்க மட்டும் வந்தவன். நடுவே மான்பாதை. பாதையருகே ஒரு மரத்தில் கமரா.

பிரதீபா கமராவின் படங்களை நவரட்ணத்தின் ஃபோனில் ஒவ்வொன்றாகத் தள்ளினாள். இந்தக் கிழமையின் படங்கள், அவர் பரணில் இருந்தபோது விடியமுன் இருட்டில் கமரா பிடித்தவை. பெரிய கொம்பன். கழுத்து தடித்திருந்தது. பிறகு ஒரு சின்னக் கொம்பன். பிறகு பெரியது திரும்பவும்.

“இந்தப் படங்களை எத்தினை தரம் பாத்தனீங்கள் அங்கிள்?”

“கண் நோகும் வரைக்கும்.”

“மான் எந்தப் பக்கம் பாக்குது?”

அவர் ஃபோனை வாங்கினார். மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளினார். படத்தைப் பார்த்தார். பரணைப் பார்த்தார்.

“என்ர பக்கம்.”

“மற்றது?”

“என்ர பக்கம்.”

“ஒரு மானும் ஓடைப் பக்கம் திரும்பேல்லை. ஜனார்த்தன் விரட்டியிருந்தால் அங்கயெல்லோ பாத்திருக்கும்.”

“நான் அசையேல்லை பிள்ளை. மூச்சும் விடேல்லை.”

“பாக்கிறதெண்டு நான் சொன்னது பிழை. தலை மேல நிக்குது. வாய் கொஞ்சம் திறந்திருக்கு. மூக்கு உங்களை நோக்கிக் கிடக்கு. உங்களைக் காணேல்லை. மணந்திருக்கு.”

“என்னையோ?”

“நான் சொல்லேல்லை. மான் சொல்லுது.”

நவரட்ணத்துக்குக் கோபம் வந்தது. வேட்டைக்கு முதல் கிழமையே வாசனையில்லாத சவர்க்காரத்துக்கு மாறிவிடுவாராம். பற்பசை இல்லை. வெறும் உப்பு. சேவ் எடுத்தால் ஒன்றும் பூசுவதில்லை. காற்சட்டை, மேற்சட்டை, சப்பாத்து எல்லாம் தேவதாரு இலை போட்ட பெட்டிக்குள், மூடி இறுக்கி. காணிக்கு வந்துதான் உடுப்பு மாற்றுவார்.

“கொம்பன் நேர வராது,” என்றார். “காத்து அடிக்கிற பக்கத்துக்குச் சுத்திப்போய், மணம் பிடிச்சுப்போட்டுத்தான் கிட்ட வரும். அதின்ர மூக்கை ஏமாத்த ஏலாது. இது எனக்குத் தெரியாதோ? ஊருக்கெல்லாம் படிப்பிக்கிறவன் நான்.”

காற்று வடக்கிலிருந்து வீசியது. றெமிஜியஸ் இரண்டு கைகளாலும் காதுகளைப் பொத்திக்கொண்டு நின்றார்.

பிரதீபா அவரைப் பார்த்தாள்.

“அங்கிள், பரணில இருக்கேக்க காது குளிரேல்லையோ?”

“அதுக்குத் தொப்பி இருக்கு. மனிசி பின்னினது. கம்பளி. காதை மூடாமல் வீட்டுப் படி இறங்க விடமாட்டா. பனி காதுக்குள்ள போனால் ஆள் முடிஞ்சுதெண்டு சொல்லுவா.”

“தொப்பியும் பெட்டிக்குள்ளதானே வைக்கிறனீங்கள்?”

அவர் மேலங்கியின் கழுத்தை இழுத்துவிட்டார். 

“அது மனிசி எடுத்து வைப்பா,” என்றார். “வெளிக்கிடேக்க தருவா.”

*

மத்தியானம் யூனியன்வில்லில் ஜனார்த்தனைக் கண்டார்கள். கட்டடங்களுக்கு வரைபடம் கீறும் அலுவலகத்தில் வேலை. சாப்பாட்டு நேரம். கையில் பெரிய மாட்டிறைச்சி பர்கர்.

றெமிஜியஸ் பிரதீபாவின் காதருகே குனிந்தார். “மானுக்கு இரங்கிற ஆள். மாடெண்டால் இரக்கத்துக்கு லீவு போல.”

பிரதீபா நேராகக் கேட்டாள். “நவரட்ணம் அங்கிள் உங்களைச் சந்தேகப்படுறார். நீங்கள் மானை விரட்டினனீங்களோ?”

“லுக், நான் விரட்டேல்லை. நான் சும்மா ஒரு மரத்துக்குப் பின்னால இருந்தனான். இற் வோஸ் ஃப்றீசிங்.”

“அப்ப ஆர்?”

“ஐ டோன்ட் நோ.”

“கலியாணக் கார்ட் ஒண்டும் குடுபடேல்லை. தெரியுமோ?”

அவன் பர்கரைக் கீழே வைத்தான். தெரியாது என்பது முகத்தில் தெரிந்தது. 

“அங்கிள் அப்பிடியோ சொன்னவர்?”

“ஓம். ஞாயிறு வரைக்கும் தவணை. உங்களுக்கு ஏதும் தெரிஞ்சால் இப்ப சொல்லுங்கோ.”

“எனக்கு ஒண்டும் தெரியாது,” என்றான். “நான்தான் எண்டு அங்கிள் நினைச்சால், ஓகே, நினைக்கட்டும். நான் அவரோட கதைக்கிறன்.”

காருக்குத் திரும்பியதும் றெமிஜியஸ் பேக்கரிப் பையைத் திறந்து கடைசி ரோல்ஸை எடுத்தார்.

“என்ன மாதிரி தங்கச்சி?”

“ஆரெண்டு கேக்க, யோசிக்காமலே தெரியாதெண்டார். தெரியாத ஆள் கொஞ்சம் யோசிப்பார்.”

“அப்ப தெரியும்.”

“தெரியும். கலியாணம் நிண்டாலும் சொல்ல மாட்டார். அவ்வளவு வேண்டப்பட்ட ஆள் ஆர்?”

றெமிஜியஸ் மென்றார். விழுங்கினார். “எனக்குத் தெரிஞ்சு அப்பிடி வேண்டப்பட்ட ஆக்கள் ஒருத்தரும் இல்லை. என்னை ஒருத்தரும் கலியாணத்துக்குக் கேக்கவுமில்லை. வீட்டில பேசி முடிச்சவை.”

*

நவரட்ணத்தின் வீடு ரூஜ் பக்கம். கதவைத் திறந்தவர் அவர் மனைவி தவமணி. ஒரு அடி பின்னுக்கு நகர்ந்தார்.

“மட்டன் ரோல்ஸ்,” என்றார். “நீங்கள் காலமை சாப்பிட்டனீங்கள் பிள்ளை. இந்த அண்ணை இப்பதான்.”

றெமிஜியஸ் வாயைத் துடைத்தார். வாயில் ஒன்றும் இல்லை.

பிரதீபா தன்னை அறிமுகம் செய்தாள். மான் வராத காரணத்தைத் தேடுவதாகச் சொன்னாள். தவமணி வியப்படையவில்லை. உள்ளே அழைத்து இருவருக்கும் தேநீர் கொடுத்தார். தனக்கு ஊற்றவில்லை. குசினியில் அடுப்பு துடைத்தபடியே இருந்தது. ஒன்றும் சமைக்கவில்லை.

கராஜைக் காட்டினார். நவரட்ணம் சொன்ன பெட்டி அங்கே இருந்தது. பிரதீபா மூடியைத் திறந்தாள். தேவதாரு மணம். வேறு ஒன்றும் இல்லை. உடுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து மணந்தாள். றெமிஜியஸ் ஒரு சப்பாத்தை எடுத்து மணந்துவிட்டுத் தன்னையே நொந்துகொண்டார்.

“அன்ரி, அங்கிளின்ர தொப்பி?”

“உள்ள கிடக்கு.”

தவமணி போய் எடுத்து வந்தார். சாம்பல் நிறக் கம்பளி. காதுக்கு இரண்டு மடல். பிரதீபா வாங்கி முகத்தருகே கொண்டுபோனாள். தேவையில்லை. கையை நீட்டிய தூரத்திலேயே தெரிந்தது.

சாம்பிராணி.

“பாதி வடக்குக்கு மணந்திருக்கும்,” என்றார் றெமிஜியஸ். “கொம்பன் சுண்டல் குடுப்பினம் எண்டு நினைச்சு வந்திருக்கும். பிறகு மனம் மாறியிருக்கும்.”

பிரதீபா சிரித்தாள். தொப்பியைத் திருப்பி நீட்டினாள். அப்போது கராஜ் சுவரில் இருந்த படம் கண்ணில் பட்டது. மூலையில் போன வருடத்துத் திகதி. நவரட்ணம் கொம்பனின் பக்கத்தில் முழந்தாளிட்டிருந்தார். தலையில் சாம்பல் நிறக் கம்பளித் தொப்பி. காதுக்கு இரண்டு மடல்.

றெமிஜியஸும் பார்த்தார்.

“அதே தொப்பி,” என்றார். “அதே தலை. மான் மட்டும் வந்திருக்கு. தங்கச்சி, கேஸ் போச்சு.”

 பிரதீபா கையோடு கொண்டுவந்திருந்த, ஆறிப்போன தேநீரைக் குடித்தாள். பிறகு தவமணியைப் பார்த்தாள்.

“அன்ரி, நீங்கள் ரீ குடிக்கேல்லை.”

“விரதம்.”

“என்ன விரதம்?”

தவமணி அவளை மேலும் கீழும் பார்த்தார். “நீங்கள் சைவமெல்லோ பிள்ளை?”

பிரதீபாவுக்குக் காது சூடானது. “கந்தசஷ்டி,” என்றாள் மெதுவாக.

“நான் வேதம், சேர்ச்சுக்குப் போற ஆள்,” என்றார் றெமிஜியஸ். “எனக்கு ரோல்ஸ் பாவமில்லை.”

பிரதீபா கராஜின் மறுகோடிவரை நடந்தாள். திரும்பி வந்தாள்.

“போன வருசம் தீபாவளி எப்ப அண்ணை?”

“எனக்கேன் தீபாவளி? ஆனா ஒக்ரோபரில. கொலர் வைச்ச புதுச் சேட்டோட ஆக்கள் திரிஞ்சவை. இலை கொட்டி முடியேல்லை.”

“அதுக்கு அடுத்த நாளோ மறு நாளோ சஷ்டி துவங்கும். ஆறு நாள். போன வருசம் ஒக்ரோபரிலயே முடிஞ்சுது. இந்த வருசம் நவம்பரில வந்திருக்கு. சஷ்டி நிலவைப் பாத்து வாறது. ஒரு வருசம் முந்தும். ஒரு வருசம் பிந்தும். கொம்பன் நிலவைப் பாக்கிறேல்லை. பகல் குறையிறதைப் பாக்குது. ஒவ்வொரு வருசமும் அதுக்கு ஒரே கிழமையிலதான் பைத்தியம். ரெண்டும் ஒண்டா வந்த வருசமெல்லாம் மானில்லை. அங்கிள் மழை எண்டு சொன்ன வருசமும் அப்பிடித்தான்.”

றெமிஜியஸ் தலையாட்டினார். “வள்ளியம்மன் மான் வயித்தில பிறந்தவ எண்டு எங்கட பாதிரிச் சுவாமிமாரின்ர பள்ளிக்கூடத்திலயே படிப்பிச்சவை. முருகனுக்கு மான் மாமி முறை. தன்ர விரதத்துக்க மாமியைச் சுட விடுவாரோ?”

“சஷ்டிக்கு வீடெல்லாம் சாம்பிராணி போடுவியள்,” என்றாள் பிரதீபா. “தொப்பி சாமி அறைப் பக்கம் கிடந்திருக்கும். மணம் ஏறியிருக்கும். அங்கிளுக்குப் பழகின மணம், பிடிபடேல்லை. தெரியாமல் நடந்தது அன்ரி. ஒருத்தரிலயும் பிழையில்லை.”

“தெரியாமலோ?” என்றார் தவமணி.

வண்ணப்பூச்சு வாளி ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் அமர்ந்தார்.

“நான் ஆறு நாள் பாலும் பழமும். அவர் இந்தக் கராஜுக்குள்ள மானைக் கட்டித் தூக்கி, நாலு பேரோட பங்கு போடுவார். ஊரில ஆடு அடிச்சுப் பங்கு போடுற மாதிரி. பிளாஸ்ரிக் விரிச்சு, கூறு கூறா வைச்சு, ஈரலுக்குச் சண்டை பிடிச்சு. மணம் சாமி அறை வரைக்கும் வரும். சொல்லிப் பாத்தன். ஒருக்காவோ ரெண்டுதரமோ இல்லை. மான் உன்ர சஷ்டியைப் பாத்து வராது எண்டார்.”

“அதுக்கு?”

“மான் என்னத்துக்குப் பயப்பிடும் எண்டு அவரே எனக்கு வருசக்கணக்கா வகுப்பெடுத்தவர். சாப்பிடேக்க, கார் ஓடேக்க, கோயில் லைனில நிக்கேக்க. மூக்கு, மூக்கு எண்டு. பாவம், நான் கேக்கேல்லை எண்டு நினைச்சுக்கொண்டிருந்தவர்.” மடியிலிருந்த தொப்பியைத் தட்டினார். “சாம்பிராணித் தட்டுக்கு மேல இதைக் கவிட்டு வைக்கிறனான். சஷ்டி விழுற வருசம் மட்டும். மற்ற வருசம் அவர் தன்ர பாட்டுக்குச் சுடட்டும்.”

றெமிஜியஸ் தொப்பியைக் கழற்றுவதுபோல் கையைத் தலைக்குக் கொண்டுபோய்க் கும்பிட்டார். அவர் தொப்பி போட்டிருக்கவில்லை.

பிரதீபா சிரிக்கவில்லை.

“அன்ரி, அங்கிள் இதை ஜனார்த்தன் செய்ததெண்டு நினைக்கிறார். கார்ட் பெட்டியைப் பிக்கப்பில வைச்சுக்கொண்டு திரியிறார். ஞாயிற்றுக்கிழமை குப்பையில போடப்போறாராம்.”

தவமணியின் கை நின்றது.

“பிறஸ்ஸில பிழை விட்டிட்டாங்கள், திருத்தக் குடுத்திருக்கு எண்டெல்லோ சொன்னவர்.”

“ஜனார்த்தனை இப்பதான் கண்டனாங்கள். தனக்கு ஒண்டும் தெரியாதெண்டார்.”

“அவனுக்குத் தெரியும்,” என்றார் தவமணி. “முதல் வந்த வருசமே வந்து சொன்னவன். அன்ரி, அங்கிளின்ர ஹற் டெம்பிள் மாதிரி மணக்குது எண்டு. நான் ஒண்டும் பேசேல்லை. அவனும் பிறகு கேக்கேல்லை.”

“அதுதான் உங்களைக் காட்டிக்குடுக்கேல்லை.”

“அது மட்டும் இல்லைப் பிள்ளை.” தவமணி தொப்பியின் மடலை மடித்தார். விரித்தார். “திங்கட்கிழமை இவர் தொப்பியை மறந்துபோட்டு வெளிக்கிட்டிட்டார். பிக்கப் ரோட்டுக்கு ஏறீட்டுது. பின்னால ஓடிப்போய் நிப்பாட்டி, கண்ணாடிக்குள்ளால குடுத்தது, தன்ர காரில வாறதுக்கு நிண்ட ஜனார்த்தன்.”



“அப்ப,” என்றார் றெமிஜியஸ், “அங்கிள் காலமை சொன்னது முழுக்கச் சரி.”

“ஓம்,” என்றாள் பிரதீபா. “மாப்பிள்ளைதான்.”

“இதை எப்பிடி அந்தாளுக்குச் சொல்லுறது தங்கச்சி?”

வெளியே பிக்கப் வந்து நின்றது. கராஜ் கதவு மெல்ல மேலெழுந்தது. முதலில் சப்பாத்துத் தெரிந்தது. பிறகு கார்ட் பெட்டி. பிறகு நவரட்ணம். மூவரையும் பார்த்தார். மனைவியின் கையிலிருந்த தொப்பியைக் கவனிக்கவில்லை.

“என்ன பிள்ளை, கண்டுபிடிச்சனீங்களோ? அவன்தானே?”

பிரதீபா வாயெடுத்தாள். தவமணி அவளைக் கையால் தடுத்தார். வாளியிலிருந்து எழும்பினார்.

“ஓம், அவன்தான். நானும்தான். பெட்டியைக் கீழ வைச்சிட்டு ஒண்டு சொல்லுங்கோ, இண்டைக்கு எனக்கு எத்தினையாம் நாள் விரதம்?”